சர்க்கரை இருந்ததாம்!

2020, 2021ஆம் வருஷங்களில் எங்கள் தெருவில் மாலை வேளைக்கு ஒரு புதிய சடங்கு ஏற்பட்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுகாதாரத் துறையின் அன்றாடச் செய்திக் குறிப்பு வந்துவிடும். தொற்று எத்தனை, குணமானவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்ற தொகைகளுக்குப் பின்னால், இறந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி இருக்கும். பெயர் இராது. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், என்றைக்குப் போனார், வேறு என்ன வியாதி இருந்தது என்ற விவரம் மாத்திரம். அந்தக் கடைசி விவரத்துக்கு 'இணைநோய்' என்று பெயர். கொரோனா வந்ததைப் போலவே இந்தச் சொல்லும் எங்கள் வீடுகளுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

படித்தவுடன் யாராவது சொல்லுவார்கள்: "சர்க்கரை இருந்ததாம்." அதைக் கேட்டதும் சுற்றியிருப்பவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். நமக்குச் சர்க்கரை இல்லை. அல்லது இருந்தாலும் மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை. ஆகையால் செத்தவர் வேறு ஜாதி, நாம் வேறு ஜாதி. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவோம்.

இந்தப் பழைய கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம், சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்த நண்பர். நன்றாகப் படித்தவர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "140 கோடி ஜனத்தொகையில் செத்தவர்கள் 5 லட்சத்துச் சொச்சம். இதற்காகவா ஸார் அத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "அதுவும் நம் ஊர்க் கணக்கையெல்லாம் யார் நம்புவது? சுத்தப் பொய்!" என்று முடித்தார்.

ஒரே மூச்சில் இரண்டு அபிப்பிராயம்! கணக்கு தமக்குச் சாதகமாக இருக்கிற வரைக்கும் அது உண்மை. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம் என்றால் உடனே பொய். இந்த நண்பர் தனி மனிதரல்லர். நம்மில் பாதிப்பேர் அவர்தாம்.

நான் கணக்கில் சூரப்புலி அல்ல. இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றுவிட்டவன். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். எந்தக் கதையையும், சொல்லுகிறவன் யார், எப்போது நடந்ததைச் சொல்லுகிறான், எதை விட்டுவிட்டுச் சொல்லுகிறான் என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும். சாவுக் கணக்கும் ஒரு கதைதான். அதையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

முதலில், எப்போது நடந்தது என்பதைப் பார்ப்போம். தொற்றிய அன்றைக்கே மனிதன் சாவதில்லை. காய்ச்சல், இருமல், ஆஸ்பத்திரி, மூச்சுக் குழாய் என்று இரண்டு மூன்று வாரம் போராடிவிட்டுத்தான் போகிறான். இன்றைய சாவு இரண்டு வாரத்துக்கு முன்பு நட்ட நாற்று. இந்தச் சின்ன உண்மையை மறந்ததனால் நாம் செய்த பிழை சாமானியமானதல்ல. 2020 செப்டம்பரில் நாட்டில் தினத் தொற்று 97 ஆயிரத்தைத் தொட்டபோது தினமும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் தினத் தொற்று ஒரு லட்சத்தைத் தாண்டியது. அன்று பதிவான சாவோ ஐந்நூறுக்குள். "பார்த்தீர்களா, கிருமிக்கு வீரியம் போய்விட்டது!" என்று சந்தோஷப்பட்டோம். கல்யாணத்துக்குப் போனோம், தேர்தல் கூட்டத்துக்குப் போனோம். வீரியம் எங்கும் போகவில்லை. செப்டம்பர்க் கூட்டம் வாரக் கணக்கில் மெல்லத் திரண்டது. ஏப்ரல் கூட்டம் சில நாளில் மளமளவென்று ஏறியது. அதற்குரிய சாவுகள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மே மாதம் வந்து சேர்ந்தன. மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் தொற்று. மூன்றாவது வாரத்தில் ஒரே நாளில் 4,500க்கு மேற்பட்ட மரணம். தமிழ்நாட்டில் மே 21ஆம் தேதி தொற்று 36 ஆயிரத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. சாவு மாதக் கடைசியில்தான் உச்சிக்குப் போயிற்று. "தொற்று குறைகிறது, சாவு மட்டும் ஏறுகிறதே, ஏதோ சூது" என்று அப்போது பேசினோம். ஏறும்போது ஏமாந்தோம், இறங்கும்போது சந்தேகப்பட்டோம். இரண்டும் ஒரே அறியாமை.

இரண்டாவது, எத்தனை பேரில்? 'தொற்று' என்று அவர்கள் தினமும் சொன்னது தொற்றியவர் தொகை அல்ல. பரிசோதனை செய்து கண்டுபிடிக்கப்பட்டவர் தொகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தது. தடுப்பூசி போடாதவர்களில்கூட நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் கிருமி வந்து போன அடையாளம் இருந்தது. பதிவேட்டில் இருந்த தொற்றோ சுமார் 3 கோடி. இந்த 3 கோடியைக் கொண்டு சாவை வகுத்து, 'நூற்றுக்கு ஒன்றேகால்தான்' என்று விவாதம் செய்வதில் என்ன அர்த்தம்? கீழே உள்ள எண்ணும் குறை, மேலே உள்ள எண்ணும் குறை. பரிசோதனையைக் குறைத்தால் தொற்றும் குறையும். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் நின்றுவிட்டது என்பதைப் போல.

'செத்தவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள்' என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் சுற்றியதே, அதுவும் இந்த ரகந்தான். ஒரு பேட்டையில் ஆயிரம் முதியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 பேர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர்களில் 9 பேர் இறந்தார்கள். மீதி 100 பேர் போடாதவர்கள். அவர்களில் 5 பேர் இறந்தார்கள். ஒன்பது பெரிதா, ஐந்து பெரிதா என்று கேட்டால் ஊசிதான் எமன். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் அங்கே ஒன்று, இங்கே ஐந்து. நாலாம் வகுப்புக் கணக்கு. வதந்தி அனுப்பியவர்கள் யாவரும் நாலாம் வகுப்பைத் தாண்டியவர்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம்: யார் எழுதினார்கள்?

லண்டன் நகரத்தில் 1662ஆம் வருஷம் ஜான் கிராண்ட் என்ற துணிமணி வியாபாரி சாவுப் பட்டியல்களை அலசி ஒரு புஸ்தகம் போட்டார். அந்தக் காலத்தில் பிணத்தைப் பார்த்து இன்ன வியாதி என்று சொல்ல வயதான பெண்மணிகளை அமர்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கோப்பை மதுவும் கொஞ்சம் சில்லறையும் கிடைத்தால், வெளியே சொல்ல வெட்கப்படுகிற வியாதி மரியாதையான வேறொரு வியாதியாகப் பதிவாகிவிடும் என்று கிராண்ட் அப்போதே சந்தேகப்பட்டு எழுதிவிட்டார். ஆனால் அதற்காக அவர் பட்டியலைக் குப்பையில் போடவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைக் கழித்துப் படித்தார்.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் 2021 மே மாதம் இறந்துபோனார். தொற்று என்று முடிவு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பதினாறாம் நாள் மறுபடி சோதித்ததில் தொற்று இல்லை என்று வந்தது. பத்தொன்பதாம் நாள் மூச்சு விட முடியாமல் உயிர் போயிற்று. சான்றிதழில் எழுதியிருந்தது: மாரடைப்பு, சர்க்கரை நோய். கொரோனா என்ற சொல்லே இல்லை.

மரணக் காரணத்தை எழுத உலகம் முழுவதற்கும் பொதுவான முறை ஒன்று உண்டு. கடைசியில் என்ன நேர்ந்தது, அது எதனால் வந்தது, அதற்கும் மூலம் எது என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுத வேண்டும். சாவுக்குத் துணைபோன மற்ற வியாதிகளுக்குத் தனி இடம் கீழே இருக்கிறது. இருதயம் நிற்பது எல்லாச் சாவிலும் நடப்பது. அது சாவின் வர்ணனையே ஒழியக் காரணம் அல்ல. சர்க்கரையின் இடம் கீழே. நொண்டி ஒருவன் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போனால், 'காரணம்: நொண்டி' என்றா எழுதுவீர்கள்? நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்லுகிறது. அந்தப் பெரியவர் பதினெட்டு வருஷம் சர்க்கரையோடு, காலையில் கடைத்தெரு வரைக்கும் நடந்து, எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டு வாழ்ந்தவர். சர்க்கரை அவரைப் பதினெட்டு வருஷம் விட்டுவைத்தது. கொரோனா பத்தொன்பது நாள் விட்டுவைத்தது.

ஒரு வீட்டில் நடந்தது லட்சம் வீடுகளில் நடந்தால் என்ன ஆகும்? சாவின் காரணத்தை மறைக்கலாம். சாவையே மறைப்பது அவ்வளவு சுலபமல்ல. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் எக்காரணத்தாலானாலும் இறந்தவர் பெயர் ஏறும். 2019இல் நாடு முழுவதும் பதிவான மரணம் 76 லட்சத்துச் சொச்சம். 2020இல் 81 லட்சம். 2021இல் ஒரு கோடியே 2 லட்சம்! முந்திய வருஷத்தைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம். அந்த வருஷத்தில் கொரோனாவால் இறந்ததாக அரசு சொன்ன தொகை 3 லட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டியது.

அதிகமான அத்தனையும் கொரோனா என்று நான் சொல்லவில்லை. வருஷா வருஷம் பதிவு செய்யும் வழக்கம் கூடி வருகிறது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் வேறு வியாதியால் போனவர்களும் உண்டு. அன்றியும், 2020இல் பதிவான மரணங்களில் நூற்றுக்குச் சுமார் 22க்குத்தான் டாக்டர் எழுதிய காரணம் இருந்தது. 2020, 2021 இரண்டு வருஷத்திலும் இந்தியாவில் 47 லட்சம் பேர் அதிகமாக இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. நமது அரசு அந்த முறையே தவறு என்று ஆட்சேபித்தது. ஆட்சேபிக்கலாம், மதிப்பீடு மதிப்பீடுதான். ஆனால் 'உங்கள் முறை தவறு' என்று சொல்லுகிறவர் தம்முடைய பேரேட்டை மேஜைமேல் விரிக்க வேண்டாமா? 2021ஆம் வருஷப் பதிவேட்டுக் கணக்கு வெளியானது 2025 மே மாதத்தில். நாலு வருஷம்!

இந்த இடத்தில் என் நண்பர் துள்ளுவார்: "நான் அப்போதே சொன்னேனே, எல்லாம் பொய் என்று!" இல்லை ஐயா. எல்லாம் பொய் என்பவருக்கும் பொய்க் கணக்கு எழுதுகிறவருக்கும் உள்ள சிநேகம் உங்களுக்குத் தெரியவில்லை. எந்தக் கணக்கையும் நம்பாத ஜனங்களிடம் எந்தக் கணக்கையும் கொடுக்கலாம். யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை.

2020 ஜூலை 22ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு, முன்பு விட்டுப்போயிருந்த சென்னைச் சாவுகள் 444ஐ ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. சென்னை மாநகராட்சியின் ஏட்டுக்கும் மாநிலப் பட்டியலுக்கும் வித்தியாசம் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துக் கேட்டார்கள், குழு போட்டார்கள், குழு தேடியது, சேர்த்தார்கள். 2021 ஜூனில் பீகார் இதே போல் 3,951 மரணங்களைச் சேர்த்தது. நாம் என்ன செய்தோம்? 'ஒரே நாளில் இத்தனை சாவா' என்று பாதிப்பேர் அலறினோம். 'பிடிபட்டான் திருடன்' என்று பாதிப்பேர் கைகொட்டினோம். தப்பைத் திருத்தியவனுக்கு அவமானம். திருத்தாமல் மௌனமாக இருந்தவனுக்கு நல்ல பெயர். இந்தப் பாடத்தை உத்தியோகஸ்தர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா? விட்டுப்போனதைச் சேர்ப்பவனைப் பாராட்டத் தெரியாத ஊரில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

இதனால் நஷ்டம் யாருக்கு? இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுப்பது என்று 2021இல், சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுக்குப் பிறகு, முடிவாயிற்று. தொற்று உறுதியாகி முப்பது நாளுக்குள் நேர்ந்த மரணத்தைக் கொரோனா மரணமாக ஏற்க வேண்டும் என்றும் விதி வந்தது. அப்போது வேடிக்கையைப் பாருங்கள். குஜராத்தில் பட்டியல்படி இறந்தவர் 10 ஆயிரத்துச் சொச்சம். 2022 தொடக்கத்துக்குள் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட மனுக்கள் 60 ஆயிரத்துக்கு மேல்! எண்ணும்போது இல்லாதவர்கள் பணம் கொடுக்கும்போது இருந்தார்கள்.

தெருக்கோடி வீட்டு அம்மாள் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ எழுதுகிறவனாச்சே, ஒரு மனு எழுதிக் கொடு" என்றார். தொற்று என்று முதன்முதலில் வந்த சோதனைச் சீட்டை நாலாக மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். மஞ்சள் கறை படிந்த அந்தச் சீட்டுத்தான் சாட்சி. எழுதிக் கொடுத்தேன். மாவட்டக் குழுவுக்குப் போய், இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாந் தடவை ஏற்றுக்கொண்டார்கள்.

பணம் வந்த அன்று நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். அந்த அம்மாள் சொன்னார்: "பணம் கிடக்கட்டும், தம்பி. மனுஷர் வாயைக் கட்டாமல் தின்று செத்தார் என்று தெருவே பேசிற்று. அது ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மே மாதத்து மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காப்பி டம்ளரும் கையுமாக, "சர்க்கரை இருந்ததாம்" என்று முதலில் சொன்னவன் நான்தான்.