பாதித் தூரம் தரும் தீர்ப்பு

முழு மாரத்தான் ஓடத் தீர்மானித்து, நுழைவுக் கட்டணமும் செலுத்திவிட்டவர்கள், அதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஓர் அரை மாரத்தான் ஓடிப் பார்ப்பதை மைசூரில் இப்போது பரவலாகக் காணலாம். மூன்றாம் கிருஷ்ணராச உடையார் 1864-இல் வெட்டுவித்த குக்கரஹள்ளி ஏரிக்கரையில் விடியற்பொழுதில் சற்று நேரம் நின்றால் போதும். சனவரியில் மும்பையிலோ சென்னையிலோ ஓடப் போகிறவர்களின் உரையாடல் காதில் விழும். கன்னடத்துக்கு நடுவே தமிழும் கேட்கும். இவர்களுள் பலர் ‘செலிப்ரேஷன் மைசூரு மாரத்தான்’ போன்ற உள்ளூர் ஓட்டங்களில் 21 கிலோமீட்டர் பிரிவைத் தங்கள் ஒத்திகையாகக் கொள்கின்றனர்.

வழக்கம் நல்லதே. எனினும் ஒத்திகை என்று பெயரிட்டுவிட்டு, அதைத் தனியொரு பந்தயமாக ஓடி முடித்து, பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு, அது சொன்ன சேதியைக் கேளாமலே வீடு திரும்புவோர்தாம் மிகுதி. அரை மாரத்தான் நமக்குத் தருவது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பு, ‘இம்முறை முழுத் தூரம் வேண்டாம்’ என்றும் இருக்கலாம். அப்படி இருந்தால் அதற்குப் பணியும் மனம் வேண்டும் என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

முதலில் கணக்கு. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர், அரை மாரத்தான் 21.0975. தாளில் இது சரிபாதி. உடலுக்கு அப்படியன்று. பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்று ஓட்டக்காரர்களிடையே இன்றும் புழங்குகிறது. தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்காகாமல் ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடித்தவருக்கு முழு மாரத்தான் 4 மணி 10 நிமிடம். அதுவும் நீண்ட தூரப் பயிற்சியை ஒழுங்காக முடித்தவருக்கே. வார நாள்களில் அலுவலகமும் ஞாயிறு மட்டும் ஓட்டமுமாக இருப்பவருக்கு இந்தக் கணிப்பு பெரும்பாலும் தாராளமானது. அவர் இன்னும் இருபது முப்பது நிமிடங்கள் கூட்டிக்கொள்வதே விவேகம். ‘இரண்டு மணியில் பாதி முடிந்தது, ஆகவே நான்கு மணியில் முழுமை’ என்று எண்ணுகிறவர் முதல் அடியிலேயே தவறான வேகத்தில் புறப்படுகிறார்.

இந்த வேறுபாட்டின் காரணம் எரிபொருளில் இருக்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. அச்சேமிப்பின் அளவு பொதுவாக 1,600 முதல் 2,000 கலோரி வரை. ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் கலோரி, நம் உடல் எடையைக் கிலோகிராமில் சொன்னால் வரும் எண்ணுக்கு ஏறத்தாழச் சமம். 60 கிலோ எடையுள்ளவர் அரை மாரத்தானுக்குச் செலவிடுவது சுமார் 1,260 கலோரி. முழு மாரத்தானுக்கு 2,500-க்கும் மேல். கொழுப்பும் ஒரு பங்கு எரிகிறது என்றாலும், வேகம் கூடக்கூட அதன் பங்கு குறைகிறது. அதனால்தான் 30-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் பலரும் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகின்றனர். அரை மாரத்தானில் கையிருப்புக்குள்ளேயே செலவு முடிந்துவிடுகிறது. கணக்கில் பற்று விழும் நிலையே வருவதில்லை. (வங்கி இதழில் இந்த உவமையைத் தவிர்க்க முயன்றேன், முடியவில்லை.) ஆகவே 21 கிலோமீட்டரைக் களைப்பின்றி முடித்தவர் 42-ஐயும் முடிப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அப்படியானால் ஒத்திகையால் என்ன பயன்? நிறையவே உண்டு, அதை ஒத்திகையாகவே ஓடினால். முழு மாரத்தானை 4 மணி 10 நிமிடத்தில் முடிக்க எண்ணுகிறவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 56 வினாடி என்னும் வேகத்தில் ஓடவேண்டும். அரை மாரத்தானையும் அவர் அதே வேகத்தில் ஓடிப் பார்க்கலாம். சுற்றியிருப்போர் முந்திச் செல்வார்கள், செல்லட்டும். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே தன் வேகத்தைக் கட்டி வைத்திருக்கும் பழக்கத்தைத் தனிமைப் பயிற்சியில் கற்க வழியில்லை. முடிவுக்கோட்டில் நிற்கும்போது ‘இன்னும் பத்துக் கிலோமீட்டர் இதே வேகத்தில் போக முடியுமா?’ என்று ஒருவர் தம்மைக் கேட்டுக்கொண்டால், கிடைக்கும் விடை கடிகாரம் காட்டும் எண்ணைவிட மதிப்புள்ளது.

உணவையும் அன்றே சோதிக்கவேண்டும். முந்தைய இரவு தயிர்சாதமா சப்பாத்தியா, விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு இட்லி வயிற்றில் தங்குமா, வழியில் வாழைப்பழம் ஒத்துக்கொள்ளுமா ஜெல் ஒத்துக்கொள்ளுமா என்பனவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுபவை. புதிய காலணியை மாரத்தான் நாளன்று முதன்முதலாக அணிகிறவர்கள் ஆண்டுதோறும் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தாகம் எடுக்கும் முன்பே குடி, மேலும் குடி என்று நெடுங்காலம் அறிவுரை வழங்கப்பட்டு வந்தது. 2002-ஆம் ஆண்டு போஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவு மீறித் தண்ணீர் அருந்தியதும், அதனால் ஓட்டத்தின்போது எடை கூடியதும் அதனோடு நெருங்கிய தொடர்புடையவை என 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டியது. சோடியம் மிகவும் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்வது எளிய சோதனை. சற்றே குறைந்திருந்தால் இயல்பு. கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

இனி ஊரின் இயல்பு. மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைக் காற்று குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. ஓடுவதற்கு இதைவிட இதமான நகரங்கள் தென்னாட்டில் குறைவு. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இங்கே சுகமாக ஓடியவர் காவேரி எக்ஸ்பிரசில் ஓர் இரவு பயணம் செய்து சென்னையில் இறங்கினால், சனவரியிலும் கடற்காற்றின் ஈரம் அவரை வரவேற்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடலின் சூடு இறங்காது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கவேண்டியிருக்கும். மைசூரில் கிடைத்த நேரத்தைச் சென்னைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. மும்பையிலோ, அந்த ஈரத்தோடு பெடர் சாலையின் ஏற்றமும் ஓட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், கால்கள் ஓய்ந்த வேளையில் எதிர்ப்படும். அதற்குச் சாமுண்டி மலைச் சாலையில் பயிற்சி செய்வது நல்ல ஆயத்தம்.

இவ்வளவும் செய்தபின் தீர்ப்பு வருகிறது. அரை மாரத்தானைத் தொடங்குவதற்கே வலிமாத்திரை தேவைப்பட்டது என்றால், அதுவே ஒரு தீர்ப்பு. நீர்ச்சத்துக் குறைந்திருக்கும் வேளையில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 15-ஆவது கிலோமீட்டரிலேயே முழங்கால் நடையை மாற்றிவிட்டது, நெஞ்சில் இறுக்கம் தோன்றியது, கண் இருண்டது என்பவை இன்னும் கடுமையான தீர்ப்புகள். நெஞ்சு இறுக்கத்துக்கோ மயக்கத்துக்கோ மேல்முறையீடு கிடையாது. அங்கேயே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவ உதவி பெறவேண்டும். நாற்பதைக் கடந்தவர்களும், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நிகழ்ந்தவர்களும் அரை மாரத்தானுக்கு முன்பே மருத்துவரிடம் ஒப்புதல் பெறுவது முறை.

ஆனால் மனிதர்கள் இத்தீர்ப்புக்குக் கட்டுப்படுவதில்லை. காரணம் பெரும்பாலும் பணம். கட்டணம் செலுத்தியாயிற்று, தொடர்வண்டிச் சீட்டும் விடுதி அறையும் பதிவாகிவிட்டன, அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சில ஆயிரம் ரூபாய் வீணாகிறதே என்று எண்ணி, காயம்பட்ட முழங்காலோடு 42 கிலோமீட்டர் ஓடுகிறவர், பின்னர் அதைவிடப் பன்மடங்கைச் சிகிச்சைக்குச் செலவிடுகிறார். திரும்பி வராத பணத்தைக் காப்பாற்றவென்று இருக்கும் பணத்தையும் போடுவது முதலீட்டில் எவ்வளவு பிழையென்று நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தம் சொந்தக் கால்கள் என்று வரும்போதுதான் அது மறந்துபோகிறது.

விலகுவது தோல்வி என்று கருதுவோருக்கு ஒன்று சொல்லலாம். மாரத்தானின் இப்போதைய தூரமே 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தாரின் இருக்கை முன்னே முடியவேண்டும் என்ற ஏற்பாட்டால் அமைந்தது. 1921-இல்தான் அது நிலையான அளவாயிற்று. அந்த எண்ணில் புனிதம் ஏதுமில்லை. அரை மாரத்தானோ, ஒலிம்பிக்கில் இடம்பெறாவிட்டாலும், 1992 முதல் தனக்கென உலகப் போட்டி கண்ட ஓட்டம். ஒருவர் பல ஆண்டுகள் அதோடு நின்றுகொண்டாலும் அது முழுமையான விளையாட்டுதான்.

தீர்ப்பு சாதகமாக வந்தவர்களுக்கோ, அடுத்த சில நாள்கள் ஓய்வும் மெதுநடையுமே வேலை. தொடைத் தசைகளில் நுண்ணிய சேதம் இருக்கும். இறக்கத்தில் இறங்கும்போதுதான் அது முழுதாக வலிக்கும். ஓடி முடித்த மறுநாளே, தொட்ட தேவராச உடையார் காலத்துப் படிகள் வழியாகச் சாமுண்டேசுவரியைத் தரிசித்து வரலாம் என்று வீட்டார் அழைத்தால், நந்தியைத் தாண்டி மேலே ஏறிவிடலாம், தடையில்லை. இறங்குவதற்கு நகரப் பேருந்து இருக்கிறது.