பூமி குலுங்கியது விதி. வீடு விழுந்தது யார் சதி?



2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அதிகாலை மணி 4.17. துருக்கியின் தென்கிழக்கிலும் சிரியாவின் வடக்கிலும் மக்கள் உறங்கிக் கொண்டிருந்தார்கள். ஃபஜ்ருக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியே மழையும் பனியும். கஹ்ரமான்மராஷ் நகருக்கு அருகே பூமி வெடித்தது. 7.8 அளவு. ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் குலுங்கியது. தப்பித்து வீதிக்கு ஓடி வந்தவர்கள் பிள்ளைகளைத் தேடி முடிப்பதற்குள், அன்று பகல் 1.24 மணிக்கு 7.5 அளவில் இன்னொன்று. காலையில் விரிசலோடு நின்ற வீடுகளை அது படுக்க வைத்தது.

துருக்கியில் மட்டும் 53,000-க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். சிரியாவில் ஆறாயிரத்துக்கும் மேல். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். பதினொரு மாகாணங்கள் அழிவைச் சந்தித்தன. இடிந்த கட்டடத்தின் ஓரத்தில், கான்கிரீட் பலகைக்கு அடியிலிருந்து நீண்டு கிடந்த தன் மகளின் கையைப் பற்றியபடி, ஆரஞ்சு நிறச் சட்டையோடு ஒரு தகப்பன் அமர்ந்திருந்தாரே! அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் அழவில்லை.  படத்தில் மகளின் கையை விடவும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோது நம்மில் ஒவ்வொருவரும் என்ன சொன்னோம்? அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு சாரார் உடனே தீர்ப்பு எழுதினார்கள். அது அல்லாஹ்வின் தண்டனையாம்! அங்கே பெண்கள் இப்படி உடுத்தினார்களாம், ஆண்கள் அப்படி நடந்தார்களாம், ஆகவே வந்ததாம்! ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் இப்படிப்பட்ட பேச்சுகள் புறப்படுகின்றன. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள் சகோதரர்களே! சிரியாவின் இத்லிப் பகுதியில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்கள் யார்? பன்னிரண்டு ஆண்டுப் போரில் வீட்டை இழந்து, ஊரை இழந்து, நான்கைந்து முறை இடம்பெயர்ந்து வந்தவர்கள். ஜிந்தைரிஸ் என்ற ஊரில், இறந்துவிட்ட தாயோடு தொப்புள்கொடி அறுபடாத நிலையில் ஒரு பச்சிளம் குழந்தையை இடிபாட்டிலிருந்து எடுத்தார்கள். அது எந்தப் பாவத்துக்கான தண்டனை? யார் சொல்வார்?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் வீட்டுத் துக்கத்துக்காக வானமே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசிக் கொண்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் அந்தப் பேச்சை வளர விட்டிருப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தொழச் சொன்னார்கள். அதே மகனுக்காகக் கண்ணீரும் விட்டார்கள். கண்ணீர் விடுவது பொறுமைக்கு மாற்றம் அல்ல என்பதை நாம் அங்கிருந்துதான் கற்றோம். தன் வீட்டு மய்யித்துக்கே வானத்தைச் சாட்சிக்கு அழைக்காத நபியின் உம்மத், அடுத்தவன் வீட்டு மய்யித்துக்குப் பூமியைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

நிலநடுக்கம் ஓர் எச்சரிக்கை இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருக்குர்ஆனின் 99-வது அத்தியாயம் அதன் பெயரிலேயே இறங்கியிருக்கிறது. பூமி தன் சுமைகளை வெளியே தள்ளும் நாளை, அணுவளவு செயலும் கணக்குக்கு வரும் நாளை அது நினைவூட்டுகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்கு? இறந்தவனுக்கா? அவன் கணக்கு முடிந்துவிட்டது. கட்டடம் இடிந்து இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று புகாரியில் வரும் ஹதீஸ் நற்செய்தி சொல்கிறது. உயிரோடு உட்கார்ந்து படம் பார்த்துக் கொண்டிருக்கும் நமக்குத்தான் அந்த எச்சரிக்கை.

இன்னொரு சாரார் எல்லாவற்றையும் "விதி" என்ற ஒரே சொல்லில் முடித்தார்கள். கேட்பதற்கு ஈமானாகத் தெரியும். ஆனால் இதற்குள்தான் பெரிய மோசடி ஒளிந்திருக்கிறது. நிலநடுக்கம் கூடாரத்தில் இருப்பவனை அநேகமாகக் கொல்வதில்லை. திறந்த வெளியில் நிற்பவனையும் கொல்வதில்லை. மேலே விழும் கூரைதான் கொல்கிறது. அந்தக் கூரையைப் போட்டவன் மனிதன். அதற்குக் கம்பி விற்றவன் மனிதன். அனுமதி முத்திரை குத்தியவனும் மனிதனே!

அந்தாக்கியா நகரில் பன்னிரண்டு மாடிகளில் இருநூற்றைம்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்புதான் கட்டப்பட்டது. சொர்க்கத்தையே உவமையாகச் சொல்லி விளம்பரம் செய்து விற்றார்கள். நடுத்தரக் குடும்பங்கள் நம்பி வாங்கின. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து நூற்றுக்கணக்கானோரைப் புதைத்தது. கட்டியவர் வெளிநாடு செல்ல இஸ்தான்புல் விமான நிலையத்துக்கு வந்தபோது கைது செய்யப்பட்டார். சொர்க்கத்தின் பெயரைச் சொல்லி விற்பனை! வியாபாரிகளே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டாமா?

அதியமான் நகரின் ஓட்டல் ஒன்றில் 72 பேர் இறந்தார்கள். வட சைப்ரஸிலிருந்து கைப்பந்துப் போட்டிக்கு வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். (அதியமான் என்றதும் தகடூர் மன்னர் நினைவுக்கு வரலாம், இது துருக்கியின் ஊர்.) ஆற்று மணலையும் கூழாங்கல்லையும் அப்படியே அள்ளிக் கான்கிரீட்டில் போட்டிருந்ததாக நிபுணர்கள் அறிக்கை கொடுத்தார்கள். பெற்றோர் விடவில்லை. இது விதி அல்ல, வழக்கு என்றார்கள். 2024 டிசம்பரில் ஓட்டல் உரிமையாளருக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கும் அதிகமான சிறைத் தண்டனையை நீதிமன்றம் விதித்தது. அந்தத் தாய்மார்கள் ஈமான் இல்லாதவர்களா? பிள்ளையை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். குற்றவாளியை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தார்கள். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

அரசும் தப்ப முடியாது. 1999 ஆகஸ்ட் 17 அன்று மர்மரா பகுதியில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன்பின் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. தனி வரியும் போடப்பட்டது. ஆனால் 2018-ல், தேர்தல் நெருங்கிய வேளையில், விதிமீறிய கட்டடங்கள் பணம் கட்டினால் பதிவு பெறலாம் என்று மன்னிப்புத் திட்டம் வந்தது. லட்சக்கணக்கான கட்டடங்கள் பணம் கட்டிச் சட்டபூர்வமாகின. பணத்தால் காகிதம் உறுதியானது, தூண் உறுதியாகவில்லை! துருக்கி என்றால் நம் இளைஞர்களுக்குத் தனிப் பாசம். இருக்கட்டும். ஆனால் ஆள்பவர் முஸ்லிம் என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த ஷரீஅத் சொல்கிறது?

அதே ஹத்தாய் மாகாணத்தில் எர்சின் என்றொரு சிற்றூர். சுற்றிலும் ஊர்கள் தரைமட்டமாக, அங்கே உயிரிழப்பு இல்லை. சட்டவிரோதக் கட்டடத்துக்கு நான் அனுமதி தரவில்லை என்றார் அந்த ஊர் மேயர். மண்ணின் தன்மையும் ஊரைக் காத்தது என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். எங்கே கட்டுவது, எவ்வளவு உயரம் கட்டுவது என்று மண்ணைப் பார்த்து முடிவு செய்வதும் மனிதனின் பொறுப்புத்தானே!

வணிகப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. துருக்கியில் கீழ்த்தளக் கடைக்காரர்கள் இடத்தை அகலப்படுத்தத் தூணையே வெட்டி எடுத்த சம்பவங்கள் உண்டு. ஷோரூமுக்கு நடுவே தூண் நின்றால் சரக்கு தெரியாதாம்! மேலே எட்டு மாடிக் குடும்பங்கள். கீழே ஒரு தூண் குறைவு. தூணுக்குள் வளையக் கம்பிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவது, வளையத்தின் முனையை உள்ளே மடித்துக் கொக்கி போடாமல் சும்மா விடுவது, மெல்லிய கம்பியைக் கனத்த கம்பி விலைக்குத் தள்ளுவது, சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டுவது, இவையெல்லாம் பூசி முடித்தபின் கண்ணுக்குத் தெரியாது. மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்றும் அறிவித்தார்கள். பூச்சுக்கு உள்ளே கையை விட்டுப் பார்க்க இன்று யார் வருவார்? பூமி வருகிறது.

நம் ஊரில் பூகம்பம் ஏது என்று கேட்கிறீர்களா? 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பூமி அசையவே இல்லை!

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டுப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியை விட்டு அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் தந்தார்கள். இது நடந்தது அதே ஷாம் பூமியில்தான். அந்தாக்கியாவை முஸ்லிம்கள் வசமாக்கிய படையின் தளபதியும் அதே அபூ உபைதாதான். கி.பி. 115-லும் 526-லும் நிலநடுக்கத்தால் அழிந்த நகரம் அது. 2023-ல் அங்கே ஹபீபுன் நஜ்ஜார் பள்ளிவாசலும் இடிந்து விழுந்தது. யாஸீன் அத்தியாயத்தில், நகரின் கடைக்கோடியிலிருந்து ஓடிவந்து தன் மக்களை எச்சரித்த மனிதர் அவர்தான் என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கருத்து. அவர் எச்சரித்தார், ஊர் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அப்போதும் ஊர் கேட்கவில்லை.

இனி, பொறுமை என்றால் என்னவென்று அந்த மக்களைப் பார்த்துக் கற்போம். இடிபாட்டின் மேல் மீட்புக் குழுவினர் ஏறி எந்திரங்களை நிறுத்துவார்கள். கூட்டம் மூச்சடக்கி நிற்கும். யாருக்காவது என் குரல் கேட்கிறதா என்று ஒருவர் குனிந்து கூவுவார். உள்ளிருந்து முனகல் வந்தால் மறுபடி தோண்டல். ஒருவர் உயிரோடு வெளியே வந்ததும் தக்பீர் முழங்கும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் சொங்குல்தாக்கிலிருந்து வந்து வெறும் கைகளால் குடைந்தார்கள். நம் நாட்டிலிருந்தும் பேரிடர் மீட்புப் படை போனது. இராணுவ மருத்துவர்கள் இஸ்கெந்தெருனில் மருத்துவமனை அமைத்துச் சிகிச்சை அளித்தார்கள். அடுத்த மாதமே ரமளான் வந்தது. வீடிழந்தவர்கள் கூடாரத்தில் ஸஹர் வைத்தார்கள். வெட்டவெளியில் தராவீஹ் தொழுதார்கள். பொறுமை என்பது துயரத்தின் முதல் அடியில் காட்டுவது என்கிறது ஹதீஸ். கால் போனவருக்கு, தாயும் தகப்பனும் போன பிள்ளைக்கு, கூரைக்குக் கீழே தூங்கவே பயப்படும் சிறுவனுக்கு ஒவ்வொரு விடியலும் முதல் அடிதான். ஸபர் செய் என்று தூரத்திலிருந்து உபதேசிப்பது சுலபம்.

வடமேற்கு சிரியாவுக்கு எல்லை வழியே ஐ.நா.வின் முதல் உதவி வண்டிகள் போனது பிப்ரவரி 9 அன்று. நாலாவது நாள்! அதற்குள் வெள்ளைத் தலைக்கவசத் தொண்டர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு தோண்டினார்கள். அம்மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று ஐ.நா.வின் நிவாரணத் தலைவரே ஒப்புக் கொண்டார். அரசியல் சண்டையில் எல்லைக் கதவு மூடிக் கிடந்தது. துருக்கியிலோ, செஞ்சிலுவைக்கு இணையான செம்பிறைச் சங்கம் பேரிடர் வேளையில் கூடாரங்களை இன்னொரு தொண்டு அமைப்புக்கு விலைக்கு விற்ற செய்தி வெளியாகி நாடே கொதித்தது. அதன் தலைவர் பின்னர் பதவி விலகினார்.

நிவாரண நிதி திரட்டும் நம் இயக்கத் தம்பிகளே, இதை மறக்காதீர்கள். ஜும்ஆ முடிந்ததும் துண்டை விரித்து வசூல் செய்கிறீர்கள். உள்ளம் உருகி மக்கள் போடுகிறார்கள். எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, ரசீது எங்கே? அடுத்த வெள்ளிக்குள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேட்கும் முன்பே ஒட்டுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பல ஊர்களில் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் மேல்மாடி எழுப்பும் பணி நடக்கிறது. பழைய அஸ்திவாரம், பழைய தூண்கள், அதன்மேல் புதிய தளம். வெள்ளிதோறும் ஆயிரம் பேர் அதனடியில் ஸஜ்தா செய்யப் போகிறார்கள். மேஸ்திரி சொன்னார், தாங்கும் என்பார்கள் நிர்வாகிகள். வரும் ஜும்ஆவில் நிர்வாகிகளைச் சந்தித்து அடக்கமாகக் கேளுங்கள்: கட்டுமானப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் எங்கே? மண் பரிசோதனை செய்தீர்களா? கான்கிரீட்டைக் கியூப் எடுத்துச் சோதித்த சான்று எங்கே? இல்லை என்றால், வேலையை நிறுத்தி அவை வந்தபின் தொடரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் பணத்துக்கும் சேர்த்தே வசூல் செய்யுங்கள்.