வாய்க்காலுக்கு யாரிடம் கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். உடன்பாடில்லாவிட்டால் கீழே எழுதுங்கள், சண்டை பிடிக்க மாட்டோம்.

மாரி தொடங்கியதிலிருந்து நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். வகுப்பு வாசலில் காலைக் கழுவித் துடைத்த பிறகுதான் சப்பாத்து ஏறும். போன கிழமை ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட ஒழுங்கைக்கு வாய்க்கால் வெட்ட ஆரிட்டக் கேக்கிறது?" சின்னக் கேள்விதான். ஆனால் ஆசிரியர் அறையில் இருந்த ஐந்து பேருக்கும் அதற்கு ஒரே பதில் இருக்கவில்லை. ஒருவர் மாநகர சபை என்றார், ஒருவர் மாகாணம் என்றார், ஒருவர் எம்.பி.யைப் பிடிக்கச் சொன்னார்.

நாங்கள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. முதலில் போன அலுவலகத்தில் ஒழுங்கை எங்களுடையது, ஆனால் தண்ணீர் போய் விழுகிற வீதி எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் வீதி எங்களுடையதுதான், மதகுக்கு அப்பால் உள்ளது வேறு ஆட்களுடையது என்றார்கள். மூன்றாவது இடத்தில் மரியாதையாக இருக்க வைத்து, கடிதத்தை வாங்கி, "அடுத்த வருட ஒதுக்கீட்டில் பார்ப்போம்" என்றார்கள். அந்த அடுத்த வருடமும் போய்விட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. ஏ, பி தர வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு. மிச்சம் உள்ளூராட்சி சபைக்கு. மழைத் தண்ணீருக்கு இந்தத் தரம் எதுவும் தெரியாது. ஒழுங்கையில் தொடங்கி, வீதியைக் கடந்து, குளத்தில் விழுந்து, கடைசியில் கடல்நீரேரிக்குப் போக வேண்டும். ஒருவர் தன் பங்கை வெட்டி அடுத்தவர் வெட்டாமல் விட்டால், வெட்டின இடம்தான் முதலில் நிரம்பும்.

இதை வெறும் சேற்றுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்களுடையது சுண்ணக்கல் நிலம். மேலே தேங்கினது கீழே கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள வளவுகளில் வெள்ளம் இரண்டு நாள் நின்றால் என்ன நடக்கும் என்று பொம்மைவெளிப் பக்கத்துத் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் இடாப்பிலும் தெரியும். மழை விட்டு ஒரு கிழமையில்தான் பிள்ளைகள் வயிற்று வருத்தத்தில் வராமல் நிற்பார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? உள்ளூர் சபைக்கு ஆதன வரி, முத்திரைத் தீர்வை, சில கட்டணங்கள் என்று சொந்த வருமானம் உண்டு. அது குப்பை அள்ளவும் விளக்குப் போடவும் சம்பளத்தில் ஒரு பங்குக்கும் போய்விடும். பெரிய வேலைக்கு மேலே கேட்கத்தான் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் இப்படிக் கேட்கிற சபைகள் 17: ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். இவற்றுக்கு மேலே மாகாண சபை. அதற்கும் திறைசேரிக்கும் நடுவில் 1987 ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கொண்டுவந்த நிதி ஆணைக்குழு. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என்று ஐந்து பேர். எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று சிபாரிசு செய்வது அவர்களின் வேலை. மாகாணத்தின் சனத்தொகை, ஆள்வீத வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய தேவை எல்லாம் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

சனத்தொகை என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். 1981 கணக்கெடுப்பில் வட மாகாணத்தில் 11 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். 2012 இல் 10 இலட்சத்து 61 ஆயிரம் அளவு. நாட்டின் சனத்தொகை கூடிக்கொண்டு போக, எங்கள் மாகாணம் குறைந்தது. செத்தவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், இந்தியாவில் முகாமில் இருந்தவர்கள். அந்தக் குறைவில் நாங்களும் இருக்கிறோம். 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகர் தெருவை விட்டு இறங்கினவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் புத்தளத்தில் எண்ணப்படுகிறார்கள். கணக்கெடுப்பு ஆள் எங்கே வசிக்கிறாரோ அங்கே எண்ணும், பிழை சொல்ல முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். அவர்களின் தலைக்குரிய பங்கு வடமேல் மாகாணத்துக்குப் போகிறது. வீடும் வளவும் இங்கே இருக்கிறது. திரும்பி வர நினைக்கிறவர் வந்து பார்க்கிறார், ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர், திரும்பப் புத்தளத்துக்கே பஸ் ஏறுகிறார். ஆள் இல்லாதபடியால் பணம் இல்லை, பணம் இல்லாதபடியால் வாய்க்கால் இல்லை, வாய்க்கால் இல்லாதபடியால் ஆள் வரவில்லை. வன்னியில் மீள்குடியேறின தமிழ்ச் சனத்துக்கும் இதே கதைதான். இதை முஸ்லிம் பிரச்சினை என்று ஒதுக்கி வைக்க வேண்டாம்.

வாக்குக்கு மட்டும் இதற்கு வழி கண்டார்கள். 2013 இல் வாக்காளர் பதிவுக்கு விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது, இடம்பெயர்ந்தவர் பழைய ஊரில் பெயர் பதியலாம் என்று. வாக்குக்கு எண்ண முடியுமென்றால் வாய்க்காலுக்கு ஏன் எண்ண முடியாது?

அடுத்தது, மேலே கேட்க வேண்டிய வாய். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் கடமையைச் செய்கிறார்கள்தான். ஆனால் ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். கொழும்பிடம் கேட்க வேண்டிய கதிரையில் கொழும்பு அனுப்பினவரே இருந்தால் எவ்வளவு உரத்துக் கேட்பார்? உள்ளூராட்சிக்கு நடந்ததும் மறந்திருக்காது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி காசு விடாததால் நின்றது. இரண்டு வருடத்துக்கு மேல் சபை இல்லாமல் இருந்தோம். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்த பிறகு, 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். காசு கேட்கிற சபையைத் தெரிவு செய்யவே காசு கேட்டு நிற்க வேண்டிய நாடு இது.

இனி எங்கள் பக்கப் பிழைக்கு வருவோம். நாங்கள் எதைக் கேட்கிறோம்? கட்டடம் கேட்கிறோம். நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். போரில் அழிந்த மாநகர சபைக் கட்டடத்துக்கு 2019 இல் அடிக்கல் வைத்தார்கள், இடையில் வேலை நின்று இழுபட்டது. இந்தியா நன்கொடையாகக் கட்டித் தந்த கலாசார நிலையம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடிந்ததும் வந்த கேள்வி, மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் மாநகர சபை எங்கே போகும் என்பது. கட்டுகிற காசுக்கு ஆள் கிடைக்கும், பராமரிக்கிற காசுக்கு யாரும் கிடைக்க மாட்டார். வாய்க்கால் என்பது முக்கால்வாசி பராமரிப்புத்தான். வருடம் ஒருமுறை ஆவணிக்கு முன் மண் அள்ளாவிட்டால் எந்தக் கொங்கிரீட் வாய்க்காலும் குப்பைத் தொட்டிதான்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா அறிவித்தார்கள். யாழ். நூலகத்துக்கு 100 மில்லியன். வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன். நல்ல விடயம், மனதார வரவேற்கிறோம். ஆனால் வீதியை உயர்த்திப் போட்டு வாய்க்காலை விட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். புதுத் தார் வீதியோரம் இருக்கிற பழைய வீட்டுக்காரரைக் கேளுங்கள், படி இறங்கி முற்றத்துக்குப் போவார்.

இதில் நாட்காட்டியின் விளையாட்டும் உண்டு. நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் திறந்து, ஒப்பந்தகாரர் இயந்திரத்தை இறக்க புரட்டாதி, ஐப்பசி ஆகிவிடும். யாழ்ப்பாணத்துக்கு மழை வருகிறதும் அப்போதுதான். வெட்டின கிடங்கில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும், டிசம்பர் 31 வரும், செலவழியாத காசு திரும்பும். பிறகு "காசு தந்தோம், செலவழிக்கத் தெரியவில்லை" என்று அங்கே சொல்வார்கள், "காசே தரவில்லை" என்று இங்கே சொல்வார்கள். இரண்டு பேச்சையும் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. வடக்கு, கிழக்கின் வடிகால் வேலைக்கான காசு பங்குனிக்கு முன் கையில் வர வேண்டும், முடியாத வேலை அடுத்த வருடத்துக்குத் தொடர விட வேண்டும். இந்த இரண்டையும் எங்கள் எம்.பி.மார் பாராளுமன்றத்தில் கேட்டால் கட்டடம் கேட்பதைவிடப் பெரிய உபகாரம்.

இன்னொரு பிழையும் எங்களுடையது. பொன்னாடையோடு போய் "எங்கள் பகுதியைக் கவனியுங்கள்" என்று ஒரு பக்கக் கடிதம் கொடுக்கிறோம். அதில் ஒழுங்கையின் நீளம் இல்லை, எத்தனை வீடு என்று இல்லை, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று இல்லை. அலுவலர் அதை வைத்து என்ன மதிப்பீடு போடுவார்? கேரளத்தில் 1996 இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூர் சபைகளுக்கு விட்டார்கள். தேவைப் பட்டியலைப் போட்டது வட்டாரக் கூட்டங்களில் கூடின சனம். எங்களுக்கு அந்த அளவு பணத்தை யாரும் இன்றைக்கே விடப் போவதில்லை. பட்டியலைப் போட யாரும் தடையில்லையே. அதோடு ஆதன வரி நிலுவையும். கொழும்பிலும் புத்தளத்திலும் இருக்கிற சொந்தக்காரர் பலர் இங்குள்ள காணிக்கு வருடக்கணக்காகக் கட்டவில்லை. கட்டாதவர் கேட்கும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு. வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு, மழை விட்டிருந்தால், சோனகர் தெருவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஒழுங்கையாக நடக்கப் போகிறோம். நீளம், வீடுகள், வெளியில் இருந்தாலும் திரும்ப வர நினைக்கிற குடும்பங்கள், கிணறு, மதகு, அடைபட்ட இடம் எல்லாம் ஒரு கொப்பியில். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடம் போடுவார்கள். பக்கத்துத் தமிழ் ஒழுங்கைகளிலிருந்தும் யாராவது வந்தால் நல்லது, தண்ணீர் உங்கள் பக்கமும்தான் வருகிறது. பட்டியலில் மூன்று பிரதி எடுத்து சபைக்கும் மாகாணத்துக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் ஒரே நாளில் கொடுத்து, வாங்கினதற்குக் கையொப்பமும் எடுப்போம். புத்தளத்தில் இருக்கிறவர்கள் குடும்ப விபரத்தை உள்பெட்டியில் அனுப்புங்கள்.

நீளம் அளக்கிற பெரிய நாடா யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். பாடசாலையில் இருப்பது முப்பது மீற்றர்தான், அதுவும் நுனி அறுந்தது.