அப்பாவுக்கு இரண்டு இருக்கை போதும்

நம் வீடுகளில் காடி வாங்கும் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "எத்தனை பேர் உட்காரலாம்?" என்பதுதான். விலை, நிறம், எண்ணெய்ச் செலவு எல்லாம் அதற்கு அப்புறம். பாட்டியை ஏற்ற வேண்டும், பிள்ளைகளை ஏற்ற வேண்டும், பத்துமலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் ஏற்ற வேண்டும். ஐந்து பேர் காடியில் எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து போன பயணக் கதை இல்லாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்கிறதா, நேயர்களே? (மன்னியுங்கள், வானொலி வாய். வாசகர்களே!)

என் அப்பா அந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டார். கிள்ளானில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் 44 இருக்கை. வீட்டில் முதலில் பழைய புரோட்டோன் சாகா, பிறகு ஏழு பேர் அமரும் அவான்சா. 63 வயதில் அவர் கேட்டது இது: "ஏம்மா, ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற ஸ்போர்ட்ஸ் காடி ஒண்ணு பாரேன். கூரை திறக்கிற மாதிரி. பழசு போதும். கையில 50,000 வெள்ளி இருக்கு. கடன் வேணாம்."

அண்ணன் உடனே கேட்டார், "இந்த வயசுல எதுக்குப்பா? பேரப் பிள்ளைங்க எங்க உட்காரும்?"

"அதுக்குத்தான் உங்க காடி இருக்கே."

அதற்குமேல் வாதம் இல்லை. அவர் உழைத்த பணம், அவர் ஓட்டப்போகும் காடி. பிள்ளைகள் உதவக்கூடிய இடம் "வாங்கலாமா" என்பதில் இல்லை, "எதை வாங்குவது" என்பதில்தான் இருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காடி சரியாக அமைந்தால் சுகம். தப்பாக அமைந்தால் சேமநிதிப் பணத்தை மாதாமாதம் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆசை எழலாம். எழுந்தால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பணக்கணக்கு. 50,000 வெள்ளி இருந்தால் 40,000 வெள்ளிக்குக் காடி தேடுங்கள். மீதி 10,000 முதல் ஆண்டுச் செலவுக்கு. பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய காடிக்கு டயர், பேட்டரி, ரேடியேட்டர் குழாய்கள், அடிப்பாகத்து ரப்பர் புஷ்கள், கூரை ஓரத்து ரப்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கையில் இருப்பதை முழுக்க விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் பழுதுக்கே பிள்ளைகளிடம் கை நீட்டும் நிலை எந்த அப்பாவுக்கும் வரக்கூடாது.

அடுத்தது சாலை வரி. இங்கே வரியை நிர்ணயிப்பது இன்ஜின் அளவு. தீபகற்ப மலேசியாவில், தனியார் பெயரில் உள்ள காடிக்கு ஓராண்டுக் கணக்கைப் பாருங்கள். டைஹாட்சு கோப்பென் 659 சிசி, வரி வெறும் 20 வெள்ளி. 1.8 லிட்டர் மெர்சிடீஸ் எஸ்எல்கே 200-க்குச் சுமார் 278 வெள்ளி. 2.0 லிட்டர் மஸ்டா எம்எக்ஸ்-5-க்கு 380 வெள்ளிக்கு ஐம்பது காசு குறைவு. பிஎம்டபிள்யூ இசட்4-இன் 2.5 லிட்டர் வகைக்கு 874 வெள்ளி. அதே இசட்4, 3.0 லிட்டர் என்றால் 2,077 வெள்ளி 50 காசு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு காடிகளுக்கு இடையே ஆண்டுக்கு 1,200 வெள்ளி வித்தியாசம்! விளம்பரத்தில் விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் சிசியைப் பாருங்கள்.

இனி காடிகள். கோப்பென் பொம்மை மாதிரி அழகு. உலோகக் கூரை பட்டனைத் தட்டினால் மடங்கிப் பின்பெட்டிக்குள் போய்விடும், ஆனால் பின்பெட்டியின் இடத்தையும் விழுங்கிவிடும். உள்ளே நெருக்கம். எஸ்எல்கே-யும் அப்படித்தான், கூரை மடங்கினால் சாமான் வைக்க இடம் குறைவு. அந்தக் கூரையை இயக்குவது ஹைட்ராலிக் அமைப்பு, வயதானால் அதில் எண்ணெய் கசியலாம். 2002 முதல் 2008 வரை வந்த இசட்4-இல் துணிக்கூரை. அதன் நீர் வடிகால் அடைத்தால் கூரையை இயக்கும் மோட்டார் தண்ணீரில் ஊறிக் கெடும். டொயோட்டா எம்ஆர்-எஸ் காடிக்கு இன்ஜின் நடுவில் இருப்பதால் வளைவுகளில் அருமையாகத் திரும்பும், ஆனால் பெட்டி வைக்கத் தனி இடமே கிடையாது. ஹோண்டா எஸ்2000 பற்றிக் கேட்காதீர்கள். அது சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், நம் கணக்கைத் தாண்டிவிட்டது.

மஸ்டா எம்எக்ஸ்-5 1989-இல் வந்தது. 2016-இல் பத்து லட்சமாவது காடி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு இருக்கை திறந்த காடிகளில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான். அதிகம் விற்றதால் உதிரிப்பாகம் கிடைக்கும், அதைப் புரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். முதல் இரண்டு தலைமுறைக்கு டைமிங் பெல்ட். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அதில் மடங்கும் கடினக் கூரை வகையும் உண்டு. அந்தக் கூரை இருக்கைகளுக்குப் பின்னால் மடங்கும், பின்பெட்டியைத் தொடாது. ஆட்டோ கியரும் உண்டு. பல்லாண்டு பேருந்து கிளட்ச் மிதித்து அப்பாவின் இடது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. ஆக, எங்கள் தேடல் இந்தத் தலைமுறையில் வந்து நின்றது.

காடி நல்லதாக இருப்பது பாதிதான். ஆளுக்குப் பொருந்த வேண்டும். இவை எல்லாம் தரையோடு தரையாக இருக்கும். நண்பரின் காடியிலோ, பார்க்கப் போன காடியிலோ பெற்றோரை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்தால் போதாது. பத்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் கதவைப் பிடித்துத் தொங்காமல் எழுந்திருக்கிறார்களா? இரண்டு கதவுக் காடிக்குக் கதவு நீளம். பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் அது முழுதாகத் திறக்காது. பாதி திறந்த கதவில் இறங்க முடிகிறதா என்றும் பாருங்கள். டோல் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைத் தட்டும் இடம் தலைக்கு மேலே இருக்கும், கை எட்டாது. ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டிக்கொள்வது நல்லது. தாமான் சாலைகளின் வேகத்தடை மேடுகளில் அடிப்பாகம் உரசுகிறதா என்பதை வீட்டுப் பக்கமே ஓட்டித் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றாதது. இரண்டாவது இருக்கைக்கும் ஓர் ஆள் உண்டு! காடி பார்க்க முதல் மூன்று நாள் அப்பாவும் நானும்தான் போனோம். நான்காம் நாள் அம்மா, "என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான்தானே அதுல உட்காரணும்?" என்றார். கோப்பெனில் உட்கார்ந்து, முட்டி இடிக்கிறது என்று இறங்கிவிட்டார். எஸ்எல்கே-யில் ஜன்னல் உயரம், வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றார். எம்எக்ஸ்-5-இல் பின்னால் மட்டும் ஒரு சின்ன தலையணை கேட்டார். நாங்கள் இணையத்தில் புரட்டிய பக்கங்களைவிட அந்த ஒரு மாலை அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இப்போது காடியைச் சோதிப்பது. விளம்பரத்தில் "2006/2010" என்று போட்டிருந்தால், செய்யப்பட்டது 2006, இங்கே பதிவானது 2010 என்று பொருள். வெளிநாட்டில் ஓடி வந்த ரீகண்டிஷன் காடி. வயதை எப்போதும் முதல் எண்ணிலிருந்து கணக்கிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். "2317" என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். ஸ்போர்ட்ஸ் காடி அதிகம் ஓடாது, எனவே பூ தேயாமலே ரப்பர் கிழடாகியிருக்கும். கூரையைக் குறைந்தது மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். பிறகு மூடிய கூரைமேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் சோதனை உண்டுதான். ஆனால் அதில் தேறிவிட்டது என்பதற்கு, இன்ஜினும் கியரும் இன்னும் ஐந்தாண்டு ஓடும் என்று அர்த்தமில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் காடியைத் தூக்கிப் பாருங்கள்.

அப்பா மனசைப் பறிகொடுத்தது ஒரு சிவப்பு எம்எக்ஸ்-5. கண்ணாடி மாதிரி பளபளப்பு, விலையும் கொஞ்சம் குறைவு, உள்ளே வாசனைத் திரவம் மூக்கைத் துளைத்தது. எங்கள் தாமான் மெக்கானிக் அங்கிள் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடிப்பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. இருக்கைத் தண்டவாளத்தில் துரு. கம்பளத்தைத் தூக்கினால் காய்ந்த சேறு. வெள்ளத்தில் நின்ற காடி. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வெள்ளம் எப்படி வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அப்படி மூழ்கும் காடிகளில் சில கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருகின்றன. இயந்திரம் ஓடும். ஆனால் வயர்களுக்குள் போன ஈரம் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து ஒவ்வொரு விளக்காக அணைக்கும். காற்றுப்பை நம்பிக்கைக்குரியதாக இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்பா அந்தக் காடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவைத் தொட்டுப் பார்த்தார். "வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசையை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பழகியதுதான், எங்களுக்காக எத்தனையோ முறை செய்திருக்கிறார். ஆனால் இம்முறை அவர் ஆசையை விடவில்லை, அந்தக் காடியை மட்டும்தான் விட்டார். மறுநாள் காலை அவரே அழைத்தார்: "வேற ஒண்ணு பார்ப்போமா?"

ஆறு வாரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடைத்தது. பின் கதவோரம் கீறல், இருக்கைத் தோலில் வெடிப்பு. ஆனால் பராமரிப்பு ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. கம்பளத்தின் கீழ் தகடு சுத்தம். கேட்ட விலை 43,000 வெள்ளி, 40,000-இல் முடிந்தது.

காப்புறுதியில் இரண்டு விஷயம். இத்தகைய காடிக்குச் சந்தை மதிப்பில் எடுப்பதைவிட, ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காடி முழுச் சேதமானால் எவ்வளவு கிடைக்கும் என்பது முன்பே எழுத்தில் இருக்கும். வெள்ளத்துக்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும், சாதாரண காப்புறுதியில் அது இருக்காது. இழப்பீடு கோராதவர்களுக்கான கழிவு உச்சத்தில் 55 விழுக்காடு. அது காடிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அவான்சாவை அண்ணன் பெயருக்கு மாற்றியபோது, அப்பா தன் கழிவைப் புதுக் காடிக்குக் கொண்டுவந்தார். பழைய காடியை ஏற்கக் காப்புறுதி நிறுவனங்கள் தயங்குவதும் உண்டு. ஆகவே காடிக்குப் பணம் கொடுக்கும் முன்பே முகவரிடம் பேசிவிடுங்கள்.

ஒதுக்கிய 10,000-இல் இதுவரை நான்கு டயர், ஒரு பேட்டரி, கூரை ரப்பர் என்று 3,000 வெள்ளிக்குமேல் போயிருக்கிறது. மீதி அப்பா பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறது. நம் வெயிலில் பகலில் கூரை திறக்க முடியாது. ஞாயிறு காலை ஆறரைக்கே இருவரும் கிளம்பிக் காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் போய்ப் பசியாறிவிட்டு, வெயில் ஏறும் முன் வீடு திரும்பிவிடுகிறார்கள். போன வாரம் நானும் வரட்டுமா என்று கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்கம்மா உட்காருவ?"