தமிழ் என்றால் மூன்றா, ஐந்தா?

இந்தப் பத்திக்குப் புலனத்தில் வரும் கேள்விகளில் பாதி, கணினித் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பியவைதான். படத்தில் கடைசி நாலு வரி மட்டும் தெரியும். “அக்கா, பில்ட் ஃபெயில்னு வருது, என்ன செய்யறது?” கடைசி வரியில் இருப்பது தீர்ப்பு. காரணம் மேலே, முதலில் வந்த பிழைச் செய்தியில் இருக்கும். மேலே உருட்டிப் பார்த்து அந்த முதல் பிழையை அனுப்புங்கள். அதற்குக் கீழே வரும் இருபது பிழைகளும் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்தான்.

இந்த வாரம் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. இடுபணிக்கு ஹாஸ்கல் மொழியில் ஒரு விளையாட்டுச் செய்யவேண்டும். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக, ஒரு சொல்லைத் தலைகீழாகக் காட்டி ‘இது என்ன சொல்?’ என்று கேட்கும் விளையாட்டை எடுத்துக்கொண்டாராம். முதலில் பில்ட் ஆகவில்லை. ஆன பிறகு தமிழுக்குப் பதில் எண்கள் வந்தன. எண்களைச் சரிசெய்தால் எழுத்துக் கணக்குத் தப்பு. விரிவுரையாளர், “தமிழ் வேண்டாம், மலாய்ச் சொற்களைப் போட்டு முடித்துக் கொடு” என்று சொல்லிவிட்டாராம். தம்பியின் கடைசி வரிதான் என்னை உட்காரவைத்தது: “எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதோ அக்கா? அம்மா தொழிற்பேட்டையில் இரவு வேலை செய்து வாங்கித் தந்த பழைய மடிக்கணினி இது.”

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட மூளை சம்பந்தப்பட்டது அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹாஸ்கலைக் கேள்விப்படாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. படிவம் நான்கு கூடுதல் கணிதத்தில் முதல் பாடமே ‘ஃபுங்சி’, அதாவது சார்பு. ஒரே எண்ணை உள்ளே போட்டால் ஒரே விடைதான் வெளியே வரும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறாது. நிரல் முழுவதையும் இப்படிப்பட்ட சார்புகளாலேயே கட்டுவதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங். இருக்கும் மதிப்பை மாற்றாமல் அதிலிருந்து புதியதொன்றை உருவாக்குவோம். வானொலியில் எங்களுக்கு இது பழகிய வேலை. பதிவு செய்த பேட்டியின் மூலத்தைத் தொடமாட்டோம். அதிலிருந்து வெட்டிய பிரதிதான் ஒலியேறும். ஹாஸ்கலின் முதல் அறிக்கை 1990இல் வெளியானது. ஹாஸ்கல் கரி என்ற கணித அறிஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். (அவர் ‘கரி’க்கும் நம் கறிக்கும் உறவு இல்லை. ஆனால் ‘கரியிங்’ என்றொரு உத்தி பாடத்தில் வரும்போது எல்லாருக்கும் பசிக்கும்.)

இனி பில்ட். தம்பி அனுப்பிய முதல் பிழை, ‘டேட்டா.மேப்’ என்ற தொகுதியைக் காணவில்லை என்கிறது. அதற்கு அடுத்த வரியைப் படித்தீர்களா? அது ‘கன்டெய்னர்ஸ்’ என்ற பொதிக்குள் மறைந்திருக்கிறது, உங்கள் கபால் கோப்பில் சார்புப் பொதிகளின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதுவே வழி சொல்கிறது. (கபால் என்பது ஹாஸ்கலின் பில்ட் கருவி. கபாலி அல்ல.) பொதி கணினியிலேயே இருக்கிறது, உங்கள் நிரலுக்கு அது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது.

அடுத்தது, இணையத்தில் கிடைத்த பழைய மாதிரித் திட்டத்தை இறக்கியதால் வந்த வினை. ‘பேஸ்’ என்ற அடிப்படைப் பொதியின் பதிப்பு பொருந்தவில்லை என்கிறது. புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. பேஸ் தனியாக ஏற்றிக்கொள்ளக்கூடியது அல்ல. ஜிஎச்சி என்னும் கம்பைலரோடு ஒட்டிப் பிறந்தது. கம்பைலரின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பேஸ். திட்டத்தை எழுதியவர் தம் காலத்துப் பேஸைக் குறித்து ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று எல்லை போட்டு வைத்திருக்கிறார். உங்களிடம் இருப்பதோ புதுசு. ஒன்று, ஜிஎச்சி-அப் கருவியால் அந்தப் பழைய கம்பைலரை இறக்குங்கள். இல்லையென்றால் அந்த எல்லையைத் தளர்த்திப் பாருங்கள். சின்னத் திட்டம் என்றால் இரண்டாவதே பெரும்பாலும் போதும்.

பில்ட் பாதியில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் செத்துப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய மடிக்கணினி, 4 ஜிபி நினைவகம். ஜிஎச்சிக்கு நினைவகப் பசி அதிகம். ஒரே நேரத்தில் பல பொதிகளைக் கட்டாமல் ஒவ்வொன்றாகக் கட்டும்படி, வேலை எண்ணிக்கையை 1 என்று கபாலுக்குக் கொடுங்கள். உலாவியை மூடிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் முடியும்.

இப்போது சுவையான பகுதி. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரிண்ட் செய்தால் \2980\2990\3007\2996\3021 என்று வருகிறது. கணினி கெட்டுப்போகவில்லை. ஹாஸ்கலில் ‘பிரிண்ட்’ என்பது மதிப்பை, மறுபடி நிரலுக்குள் ஒட்டிக்கொள்ளக்கூடிய வடிவில் காட்டும் கட்டளை. அதனால் ஆங்கில எழுத்துகளைத் தவிர மற்றவற்றை எண்ணாக மாற்றிவிடுகிறது. மனிதர்கள் படிப்பதற்கென்று ‘புட்-ஸ்டிரிங்-லைன்’ இருக்கிறது. அதைப் போட்டால் தமிழ் தமிழாகவே வரும். விண்டோஸ் கட்டளைத்திரை அப்போதும் முரண்டுபிடித்து, ‘கமிட்பஃபர்’ என்று தொடங்கும் பிழையைக் கொடுத்தால், முதலில் சிஎச்சிபி 65001 என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள்; திரை யூடிஎஃப்-8க்கு மாறும். நிரலின் தொடக்கத்திலும் வெளியீட்டுக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிவையுங்கள்.

அந்த எண்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தீர்களா? ஐந்து. நாம் எழுதியதோ த, மி, ழ் என்று மூன்றெழுத்து. யூனிகோடில் 2980 த, 2990 ம, 3007 இகரக் கொக்கி, 2996 ழ, 3021 புள்ளி. கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம். ஹாஸ்கலிடம் நீளம் கேட்டால் 5 என்பது அதனால்தான். தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் தொங்குகிறது. மகரத்தின் கொக்கி ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘ழ்மித’ வரவேண்டிய இடத்தில் புள்ளி, ழி, ம, த. முதலாம் ஆண்டுப் பிள்ளை பார்த்தால் சிரிக்கும்.

ஏன் இப்படி? 247 எழுத்துக்கும் 247 இடம் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் மட்டும் கேட்கவில்லை. 1991இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கான ஐஎஸ்சிஐஐ குறியீட்டைப் பின்பற்றி மெய்யையும் குறியையும் பிரித்து வைத்தது. எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் கைத்தொலைபேசிகளெல்லாம் யூனிகோடு பேசுகின்றன. அதனால் இந்தக் கணக்கை நிரலாளர்தான் போட்டாகவேண்டும்.

போடுவது எளிது, சார்பு நிரலாக்கத்துக்கென்றே செய்தது போன்ற வேலை. ஐந்து குறிகளையும் வரிசையாக வரவிடுங்கள். வருவது கொக்கி, கொம்பு, கால், புள்ளி இவற்றில் ஒன்றா? முந்தியதோடு ஒட்டிவிடுங்கள். இல்லையா? புதிய எழுத்தைத் தொடங்குங்கள். இதைத்தான் உங்கள் பாடத்தில் ‘ஃபோல்ட்’ என்கிறார்கள். முடிவில் த, மி, ழ் என்று மூன்று துண்டுகள் உள்ள பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலின் நீளம் 3. அதைத் தலைகீழாக்கினால் ‘ழ்மித’. நீளம், தலைகீழ் ஆகிய பழைய சார்புகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை. அவற்றுக்குள் எதைப் போடுகிறோம் என்பதுதான் மாறியது.

இந்த வழியில் உங்களுக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலை தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ மொழியை உருவாக்கினார். அவரும் நண்பர்களும் வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் பைத்தானில் இதே எழுத்துப் பிரிப்பைச் செய்கிறது. இளங்கோ சேரன், ஹாஸ்கலைப் போலவே சார்புகளை நம்பும் குளோஜர் மொழியில் தமிழுக்கென்று ஒரு நூலகம் எழுதி எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறார். இன்னும் பக்கத்தில் வேண்டுமா? உங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டினால் கேரித் தீவு. அந்தத் தீவுக்காரரான கவிஞர் முரசு நெடுமாறனின் மகன்தான் முத்து நெடுமாறன். 1980களில், யூனிகோடு வருவதற்கு முன்பே, முரசு மென்பொருளை எழுதியவர். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் செய்ததுதான்.

விரிவுரையாளர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். தவணை நெருங்கும்போது மாணவனைக் கரையேற்றத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் உடன்படவில்லை, மொழிப்பற்றுக்காக மட்டும் இல்லை. மலாய்ச் சொற்களைப் போட்டிருந்தால் நிரல் ஓடியிருக்கும், பிழை உள்ளேயே இருந்திருக்கும். நாளை யாராவது தம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பப் படக்குறியைப் போட்டால் அங்கே வெடிக்கும். ஏனென்றால் அப்பா, அம்மா, பிள்ளை சேர்ந்த அந்த ஒற்றைப் படமும் உள்ளே பல குறிகளின் கோர்வைதான். தமிழ் அந்தப் பிழையை முதல் நாளே காட்டிக்கொடுத்தது. இதை உங்கள் இடுபணி அறிக்கையில் அரைப் பக்கம் எழுதுங்கள். 5, 3 என்ற இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிறகு மலாய்ச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஒன்று பாக்கி. சொற்பட்டியலில் ‘பக்ஷி’ இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்ன விதி க்ஷகரத்தை க், ஷ என்று இரண்டாகப் பிரித்துவிடும். அதற்குத் தனியாக ஒரு வரி எழுதவேண்டும். அவசரம் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் ‘பறவை’ என்று போடுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும்.