யானையின் ரத்தத்தில் ஒரு ரகசியம்

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற லட்சுமியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காசு கொடுத்தால் துதிக்கையால் தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பாள். 2022 நவம்பர் 30-ம் தேதி, காலை நடைக்குப் போன இடத்தில் சாய்ந்தவள் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஊரே அழுதது.

யானைக்கு மாரடைப்பு வரும், காசநோய் வரும், காலில் புண் வரும். புற்றுநோய் மட்டும் அபூர்வம். இதில் என்ன விசித்திரம் என்கிறீர்களா? உடம்பின் அணுக்கள் பிரிந்து பெருகும்போது ஏதோ ஒன்றில் பிசகு நேர்ந்து, அது அடங்காமல் வளர்வதுதான் புற்றுநோய். யானைக்கோ நம்மைப் போல் நூறு மடங்கு அணுக்கள். ஆயுளும் அறுபது எழுபது வருஷம். கணக்குப்படி ஒரு யானைகூட மிஞ்சக் கூடாது! சுண்டெலியையும் மனிதனையும் ஒப்பிட்டு இந்தப் புதிரை 1977-ல் எழுப்பியவர் ரிச்சர்ட் பீட்டோ என்ற ஆங்கிலேயர்.

விடையில் ஒரு பங்கு 2015-ல் கிடைத்தது. அமெரிக்காவில், யூட்டாவில், குழந்தைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜோஷுவா ஷிஃப்மன் சர்க்கஸ் யானைகளின் ரத்தத்தை வாங்கிச் சோதித்தார். பிசகிய அணுவைச் செப்பனிடவோ, தீர்த்துக்கட்டவோ உத்தரவிடும் மரபணு ஒன்று உண்டு. பி-53 என்று பெயர். தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என நமக்கு இரண்டே பிரதி. யானைக்கு நாற்பது! பெரும்பாலும் சற்றே மாறிய நகல்கள்தாம். இருந்தாலும் காவல் பலம்தான். அந்த இரண்டில் ஒன்று கெட்டே பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஆயுளில் இந்த நோய்க்குத் தப்புவது துர்லபம். டாக்டருக்கு யானைமேல் அத்தனை அக்கறை ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? இதை மருந்தாக்கும் முயற்சி நடக்கிறது, கடைக்கு வரவில்லை. யாராவது ‘யானை மருந்து’ என்று விற்றால் வாங்கிவிடாதீர்கள்.

நாயின் கதை வேறு. பெண் நாய்க்கு மார்புக் கட்டி சகஜம். நம் வீட்டுக் காற்றைச் சுவாசித்து, நம் சோற்றைத் தின்று, வயதான காலத்தில் தானாக வருவது. ஆய்வுக்கூடத்து எலிக்கு ஊசி போட்டு உண்டாக்கியதல்ல. நாய்க்கு ஆயுள் குறைவு. ஆகவே ஒரு சிகிச்சை பலித்ததா என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. முதல் பருவத்துக்கு முன்பே சூலகத்தை எடுத்துவிட்ட நாய்க்கு இந்தக் கட்டி மிக அரிது. பெண்மைச் சுரப்புக்கும் மார்புக் கட்டிக்கும் உள்ள உறவு, பாருங்கள், நம்மிடம் இருப்பதுபோலவே அதனிடமும் இருக்கிறது.

நாயைக் குளிப்பாட்டும்போது அடிவயிற்றோரம் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு உருண்டை தட்டுப்பட்டால் குரும்பாப்பேட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். உங்களுக்கே தட்டுப்பட்டால், ‘வலிக்கவில்லையே’ என்று தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்றிராதீர்கள். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.