ஜீப்புக்கும் முதலாளி உண்டு

பொழுது விடியுமுன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடித் தெருக்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், நாளெல்லாம் செடியடியில் குனிந்து காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை அடைத்த ஜீப் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தால், ஓட்டுநர் மீது வழக்கு என்று மறுநாள் செய்தி வரும். தோட்டக்காரர் பெயர் அதில் இருக்காது.

இது அநியாயம். வண்டி என்னுடையது அல்ல, ஆள் கூட்டி வருவது கங்காணி என்று தோட்டக்காரர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. யாருடைய காயைப் பறிக்க அந்த ஜீப் மலையேறுகிறது? இரண்டு வண்டியில் போக வேண்டியவர்களை ஒரே வண்டியில் திணித்து மிச்சப்படும் வாடகை, கூலிக்காரப் பெண்ணின் மடிக்கு வருவதில்லை. கேரள முதலாளி என்று கைகாட்டி நாம் ஒதுங்கவும் வழியில்லை; அங்கே தோட்டம் வைத்திருப்பவர்களில் நம் போடிக்காரர்களும் கம்பத்துக்காரர்களும் உண்டு.

விலை நிலையில்லை என்பார்கள். உண்மைதான். 2019 ஆகஸ்டில் ஏலச் சந்தையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், இரண்டே ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சிறு தோட்டக்காரர் நொடித்துப்போனார். ஆனால் விலை உச்சிக்குப் போன வருஷத்தில் இன்னொரு ஜீப் வந்ததா?

கேட்டு வாங்கியவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதும், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாள் வென்றார்கள். அவர்கள் எதிரே இருந்தது ஒரே கம்பெனி. குடியிருந்ததும் அடுத்தடுத்த லயங்களில். ஜீப்பில் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று. சாயங்காலம் ஆளுக்கொரு ஊரில் இறங்கிவிடுகிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

சட்டம் இப்போது அவர்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் இறந்த காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், பயண விபத்தும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் அடங்கும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத தினக்கூலி, தான் எந்தத் தோட்டத்துக்குப் போனாள் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பாள்?

ஜீப்பில் ஏறும்போதே பெயரும் தோட்டமும் எழுதப்பட வேண்டும். அந்தச் செலவும் காப்பீடும் தோட்டக்காரருடையவை. தேனி, இடுக்கி நிர்வாகங்கள் சோதனைச் சாவடியில் ஓட்டுநரிடம் அபராதம் வாங்குவதோடு கடமை முடிந்ததென்று இருக்கக் கூடாது. வண்டி எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்று கேட்டு, அங்கேயும் நோட்டீஸ் அனுப்பட்டும்.